மழை படாத இடம்

பண்ணைக்காட்டுக்கு முந்தின வளைவில்
பஸ்ஸை நிறுத்தச் சொன்னது நான்தான்.
இங்கேயா, என்றார் நடத்துநர்,
இங்கே ஒண்ணுமில்லையே.
அதைப் பார்க்கத்தான், என்றாள் பூரணவல்லி
குடையை விரித்தபடி.

இருவருக்கும் கருவூல அலுவலகத்தில் வேலை.
ஞாயிறு மட்டும் சரித்திரம்.
கையில் ஒரு பட்டியல்,
ஓரம் பொடிந்த அரசாங்க கெஜட்டிலிருந்து
அவள் பென்சிலால் எழுதிக்கொண்டது:
கல்திட்டை, பதினொன்று, ஓடைக்கு மேற்கே.
கோட்டைச் சுவர், பாதி.
நடுகல் ஒன்று, வில்லோடு, பெயரில்லை.

ஓடைக்கு மேற்கே என்று எழுதியவர்
எந்த ஓடை என்று எழுதவில்லை.
இந்த மலையில்
நடந்தால் ஓடை,
நின்றால் அட்டை.

ஐப்பசி.
காப்பிப் பழம் பாதி சிவப்பு, பாதி யோசனை.
சவுக்கு என்று நான் சொன்ன மரத்தை
சில்வர் ஓக் என்று திருத்தினாள்.
மிளகுக்கொடி யாரையும் திருத்தவில்லை,
கிடைத்ததில் ஏறியிருந்தது.

கோட்டைச் சுவர் ஒரு வீட்டின் பின்சுவராகியிருந்தது.
மேலே சிமெண்ட், அதன் மேல்
போன தேர்தலின் சின்னம்.
பாதி என்று எழுதியவர் இதில் மட்டும் கச்சிதம்.
குக்கரை இறக்கிவிட்டு வந்த பெண்
அளக்க வந்திருக்கீங்களா என்று கேட்டாள்.
இல்லை என்றதும்
சந்தேகம் அதிகமாகிவிட்டது அவளுக்கு.

நடுகல் கிடைக்கவில்லை.
லாரியில் ஏத்திட்டாங்க என்றார் ஒருவர்.
அதுவா எந்திரிச்சுப் போச்சு என்றார் இன்னொருவர்.
இரண்டையும் குறித்துக்கொண்டு
பள்ளிக்கூடத்துக் கல்படியில் உட்கார்ந்து
தயிர்சாதம் சாப்பிட்டோம்.
படி குளிர்ந்து அகலமாக இருந்தது,
நாலு பேர் படுக்கலாம்.

கல்திட்டை என்றால் யாருக்கும் தெரியவில்லை.
குள்ளர் வீடா, என்று ஒரு பையன் கேட்டதும்
எல்லாக் கைகளும் நீண்டன,
வேறு வேறு பக்கம்.
கடைசியில் எஸ்டேட் காவலர் ஒச்சப்பன்
டார்ச்சை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் நடந்தார்.
மணி பகல் ஒன்று.
டார்ச் எதற்கு என்று நாங்கள் கேட்கவில்லை.

மூன்று பலகைக்கல் நின்றது.
மேலே ஒரு மூடுகல்,
கல் மேல் பாசி, பாசி மேல் பெரணி.
டேப்பை வீட்டிலேயே விட்டிருக்கிறேன்.
குடையால் அளந்தோம்.
நீளம் இரண்டரைக் குடை,
அகலம் ஒன்றே முக்கால்.
உயரத்துக்குக் குனிந்தபோது
உள்ளே, இருட்டில்,
சிவப்பாய் ஒரு பொட்டு வெளிச்சம்.

மோட்டார் ஸ்டார்ட்டருங்க, என்றார் ஒச்சப்பன்.
ரூம் கட்ட மொதலாளி காசு தரலை.
போன புயலுக்கு ஆபீஸ் கூரையே போச்சு,
இது சொட்டுத் தண்ணி உள்ள விடலை.
டார்ச்சை உள்ளே அடித்துக் காட்டினார்:
பாம்பு கெடக்கும், பார்த்துத்தான் கை வெக்கணும்.

பூரணவல்லி வெகுநேரம் குனிந்தே இருந்தாள்.
செத்தவர் நனையக் கூடாதென்று
யாரோ யோசித்திருக்கிறார்கள் இல்லையா,
என்றாள், ஸ்டார்ட்டரைப் பார்த்து.
நான் பதில் சொல்லவில்லை.
என் அப்பாவை எரித்த அன்று
கொட்டகையில் தகரம் இல்லை,
மாமா ஒருவர் கடைசிவரை
குடை பிடித்தார்.

மிச்சம் பத்து எங்கே, என்று கேட்டேன்.
பாலத்துக்குக் கொஞ்சம் போச்சு.
ரோட்டுக்குக் கொஞ்சம்.
பள்ளிக்கூடத்துப் படிக்கு நானே சுமந்தேன்,
அப்ப வயசு பதினாறு, என்ன கனம்!

பச்சைப் பொத்தானை அழுத்தினார்.
கல்லுக்குள் ஒரு உறுமல்,
சரிவில் எங்கோ தண்ணீர் புறப்படும் சத்தம்.
இதுதான் அந்த ஓடையா என்று கேட்க நினைத்து
கேட்கவில்லை.

பூரணவல்லி பட்டியலை எடுத்தாள்.
பதினொன்றை அடித்து
ஒன்று என்று எழுதினாள்,
சற்று யோசித்துப் பக்கத்தில்:
பயன்பாட்டில் உள்ளது.

திரும்பும் பஸ்ஸில் அதே நடத்துநர்.
என் காலுறைக்குள் ஒரு அட்டை
பருத்து, நிம்மதியாக,
டிக்கெட் இல்லாமல் வந்துகொண்டிருந்தது.